ஹார்பெல்லில் பால் காய்ச்சிய சனிக்கிழமை

ஹார்பெல்லைப் பார்ப்பதற்கென்று அமெரிக்கா போகிறவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். நான் போனேன். நயாகரா பார்த்தாயா, நியூயார்க் பார்த்தாயா என்று திருச்சியில் கேட்கிறவர்களிடம், டெக்சாஸில் ஹார்பெல் என்று ஒரு ஊரைப் பார்த்தேன், வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறேன். எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஹூஸ்டனிலிருந்து இரண்டரை மணி நேரம் புல்லைப் பார்த்துக்கொண்டே போனால் வரும் என்பேன். அதற்கு மேல் வழி சொல்ல எனக்குத் தெரியாது. பாதி தூரம் தூங்கிவிட்டேன்.

என் தம்பி முரளி மாட்டு டாக்டர். நாமக்கல்லில் படித்தவன், அமெரிக்காவில் மறுபடியும் முதலிலிருந்து பரீட்சையெல்லாம் எழுதி உரிமம் வாங்கினான். ஹார்பெல்லில் இருந்த வயதான டாக்டர் ஓய்வு பெற்றபின் அந்த வட்டாரத்துக்கே மாட்டு டாக்டர் இல்லாமல் இருந்தது. போன வருஷம் இவன் போய் உட்கார்ந்துகொண்டான். மனைவி கவிதா ஒரு ஹூஸ்டன் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறாள். ஒன்பது வயதில் நிலா என்று ஒரு பெண். கிளினிக்குக்குப் பின்னால் வாடகைக்கு இருந்தவர்கள் இப்போது சொந்தமாக ஒரு பழைய மர வீட்டை வாங்கியிருந்தார்கள். அதன் கிரகப்பிரவேசத்துக்குத்தான் என்னை வரச் சொல்லியிருந்தான்.

ஏர்போர்ட்டிலிருந்து வரும்போதே கவிதா விஷயத்தை உடைத்துவிட்டாள். "அக்கா, நீங்க இருக்கும்போதே சொல்லிடறேன். ஒரு வருஷமா இந்த ஊர்ல எல்லாரும் ஹலோ சொல்றாங்க, கையை ஆட்டறாங்க. ஆனா ஒருத்தர் வீட்டுக்குள்ள நான் போனதில்ல, ஒருத்தர் என் வீட்டுக்குள்ள வந்ததில்ல. ஹூஸ்டன் பக்கத்துல கேட்டின்னு ஒரு ஊர், அங்க நிறைய நம்ம ஆளுங்க இருக்காங்க, நிலாவுக்கு டான்ஸ் கிளாஸ் இருக்கு. இந்த ஃபங்ஷனுக்கு யாரும் வரலைன்னா வீட்டை வித்துட்டு ஜூன்ல கேட்டிக்கு மூவ் பண்ணிடறதுன்னு பேசி வெச்சிருக்கோம்."

முரளி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஆமாம் என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினான். அவனுக்கு இந்த ஊரை விட்டுப் போக மனசில்லை என்பது அவன் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கு இரண்டு பேர் மேலும் பரிதாபமாக இருந்தது.

ஞாயிறு முழுக்கத் தூங்கினேன். திங்கட்கிழமை ஊரைச் சுற்றிப் பார்க்க இருபது நிமிஷம் போதுமானதாக இருந்தது. ஒரு நெடுஞ்சாலை, ஒரு தபால் ஆபீஸ், மாட்டுத்தீவனக் கடை, மூன்று சர்ச், மூடிக்கிடக்கும் பஞ்சாலை, நடுவில் தண்டவாளம். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும் அதில் நீலப் பூக்களும். மண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் அப்படியே அங்கே கிடந்தது. பஞ்சு விளைந்ததில் ஆச்சரியமில்லை.

எதிரே வருகிற ஒவ்வொரு பிக்கப் வண்டிக்காரரும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டுப் போகிறார். முதலில் யாரோ மிரட்டுகிறார்கள் என்று நினைத்தேன். அதுதான் அந்த ஊர் வணக்கமாம். தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதமே கிடையாது. மதியத்துக்குள் நானும் பழகிக்கொண்டேன். கார் ஓட்டாமல் பக்கத்து சீட்டிலிருந்து விரல் காட்டும் ஒரே ஆள் நீங்கள்தான் என்று நிலா ஆங்கிலத்தில் சொன்னாள்.

காலைச் சாப்பாட்டுக்குத் தீவனக் கடையிலேயே காப்பியும் கொலாச்சியும் கிடைக்கிறது. கொலாச்சி என்பது செக் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த பலகாரம். மெத்தென்ற பன், நடுவில் குழி, குழியில் ஆப்ரிகாட் பழ ஜாம். பிள்ளையார் சதுர்த்திக்கு யாராவது கொழுக்கட்டையைத் தட்டையாக்கிவிட்டால் இப்படித்தான் இருக்கும். நான் மூன்று சாப்பிட்டேன். நாலாவதில் பழத்துக்குப் பதில் மாட்டு மாமிசம் இருக்கும் என்று கடைக்காரர் எச்சரித்துக் காப்பாற்றினார்.

செவ்வாய்க்கிழமை லோரெட்டா என்ற அம்மையாரைச் சந்தித்தேன். எழுபது வயது தாண்டியவர். மூடிப்போன வங்கிக் கட்டடத்தில் ஊர் மியூசியம் நடத்துகிறார். நான் வங்கியில் வேலை பார்த்தவள் என்றதும் பழைய பெட்டக அறையைத் திறந்து காட்டினார். உள்ளே பணத்துக்குப் பதிலாக ஊரார் கொடுத்த கல்யாண உடுப்புகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இவ்வளவு மரியாதையாக மூடப்பட்ட வங்கியை நான் பார்த்ததில்லை.

ஊர்ச் சரித்திரத்தை அவர் நின்றுகொண்டே இரண்டு மணி நேரம் சொன்னார். முதலில் புல், அப்புறம் ரயில், ரயிலோடு ஜெர்மானியர்களும் செக்குகளும், அவர்களோடு பஞ்சு. ஒரு காலத்தில் சனிக்கிழமை சந்தைக்கு வண்டி நிறுத்த இடமிருக்காதாம். பஞ்சு போனது, வங்கி போனது, பிள்ளைகள் ஹூஸ்டனுக்குப் போனார்கள். ஊர் எல்லைப் பலகையில் எழுதியிருக்கும் மக்கள்தொகை அரசாங்கம் எண்ணியது, பழசு. லோரெட்டா தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறார். பிறந்தவர், இறந்தவர், வந்தவர், போனவர் எல்லாம் அதில் உண்டு. ஒரு ஊரை இப்படித் தலை தலையாக நினைவில் வைத்துக்கொள்ள ஒருவர் இருப்பது பெரிய கொடுப்பினை.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் வீடுகள் தெரிந்தனவே, அவையும் இந்தக் கணக்கில் உண்டா என்று கேட்டேன். அது கறுப்பினத்தார் பகுதி, ஊர் எல்லை தண்டவாளத்தோடு முடிகிறது, அந்நாளில் அப்படித்தான் கோடு போட்டார்கள் என்றார். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அடுத்த போட்டோவுக்குப் போய்விட்டேன்.

புதன்கிழமை நானும் கவிதாவும் பத்திரிகை வைக்கக் கிளம்பினோம். போனிலேயே அனுப்பிவிடலாம் என்று அவள் சொன்னாள். முடியவே முடியாது என்றேன். திருச்சியிலேயே அச்சடித்து, ஒரு பக்கம் தமிழும் ஒரு பக்கம் ஆங்கிலமுமாக, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி எடுத்துப் போயிருந்தேன். தட்டு, குங்குமச் சிமிழ், கல்கண்டு சகிதம் நடக்க ஆரம்பித்தோம். அந்த ஊரில் யாரும் நடப்பதில்லை. வண்டி கெட்டுப்போச்சா, ஏறிக்கொள்கிறீர்களா என்று ஏழு பேர் நிறுத்திக் கேட்டார்கள்.

முதல் வீட்டில் கதவு நாலு அங்குலம் திறந்தது. பட்டுப்புடவையும் தட்டுமாக நின்ற எங்களைப் பார்த்து, எந்தச் சபையிலிருந்து வருகிறீர்கள் என்று ஒரு பெரியவர் சந்தேகமாகக் கேட்டார். கவிதா சிரித்துவிட்டாள். மாட்டு டாக்டர் வீடு என்றதும் கதவு முழுக்கத் திறந்தது. அவருடைய கிழட்டு நாய் முரளியிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறதாம். இரண்டாவது வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர் போன் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கப்புறம் எல்லா வீட்டிலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். தீயணைப்புத் தொண்டர்களின் தலைவர், ஹோமம் என்றால் நெருப்பு எவ்வளவு உயரம் எரியும் என்று மட்டும் விசாரித்தார். என்ன கொண்டு வரட்டும் என்று கேட்காதவர் கிடையாது. "ஒண்ணும் வேண்டாம், நீங்க வந்தா போதும்" என்று கவிதா நம்மூர் வழக்கப்படி சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தப் பேச்சை அவர்கள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இந்தப் பக்கம் முடித்துவிட்டுத் தண்டவாளத்துக்கு வந்தால் சரக்கு ரயில் ஒன்று ஊரை மறித்துக்கொண்டு நிற்கிறது. தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. வழிவிட ஐந்து நிமிஷமும் ஆகலாம், ஐந்து மணி நேரமும் ஆகலாமாம். வெயிலில் முக்கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டோம். வியாழக்கிழமை சமையல்காரரோடு போனிலும் தண்ணீர்க் குழாயோடு நேரிலும் சண்டை போடுவதிலேயே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் முரளி சாப்பிட வந்தபோது, ஓட்டிஸ் என்ற பெரியவர் கன்றுக்குட்டியைக் கொண்டுவந்திருந்தார் என்றான். அவர் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துச் சர்ச்சில் முக்கியமானவர். நாளைக்கு எல்லாரும் வந்துவிடுங்கள் என்று அவரிடம் சொன்னானாம். கேள்விப்பட்டேன், நல்லபடியாக நடக்கட்டும் என்றாராம். வருகிறேன் என்று சொல்லவில்லையாம்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பக்கம் ஒரு வீடு விடாமல் தட்டோடு போயிருக்கிறோம். தண்டவாளத்தைத் தாண்டவில்லை. எந்த இடத்தில் அந்த ஊர்க்காரர்கள் அந்நாளில் கோடு போட்டார்களோ, அச்சு அசலாக அதே இடத்தில் நாங்களும் நின்று திரும்பியிருக்கிறோம். ரயில் நின்றது என்பதெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சாக்காகத்தான் தெரியும்.

எனக்கு இது புதிதும் இல்லை. என் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்பிய அப்பா எந்தத் தெருவோடு திரும்பினார் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கப்பால் இருந்தவர்களுக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினோம். அவர்களும் வந்து, கொல்லைப்புறத்தில் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அங்கே ரயில்கூடக் குறுக்கே இல்லை. அன்று எனக்கு அது உறுத்தவில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கவிதாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் உடனே போய்ப் புடவையைக் கட்டிக்கொண்டு தட்டை எடுத்தாள். தண்டவாளத்தில் ரயில் அன்றைக்கும் நின்றது. அடுத்த கிராசிங்குக்குப் பன்னிரண்டு மைல், அதில் பாதி மண் சாலை. கவிதா ஓட்ட, கரிசல் புழுதியில் குளித்துக்கொண்டு போனோம்.

ஓட்டிஸும் அவர் மனைவி வெர்னாவும் வீட்டு முன்வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். கவிதா தட்டை நீட்டினாள். ஓட்டிஸ் எழுந்து நின்று, பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கி, ஆங்கிலப் பக்கத்தை முதலிலிருந்து கடைசி வரை சத்தமாகப் படித்தார். முன்பே வந்திருக்க வேண்டும், எங்கள் தப்பு என்று கவிதா சொன்னாள்.

"டாக்டர் காலையில கிளினிக்ல சொன்னார்" என்றார் அவர். "கேட்டுக்கிட்டேன். ஆனா அதை அழைப்புன்னு எடுத்துக்கல. இப்பதான் அழைச்சிருக்கீங்க."

என் பெரியப்பா இருந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பார். கொடுத்துவிட்டு உடனே கிளம்பலாம் என்று நினைத்தோம். வெர்னா விடவில்லை. உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, பீச் பழத்தில் செய்த ஒரு சூடான இனிப்பை ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்தார். கவிதா இரண்டாவது கிண்ணத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அப்புறம் வெர்னாவே எங்களோடு வண்டியில் ஏறிக்கொண்டு, எந்த வீட்டில் யார், யாருக்குக் காது கேட்காது என்றெல்லாம் சொல்லி, எல்லா வீட்டுக்கும் கூட்டிப்போனார். எல்லாரும் வருகிறோம் என்றார்கள். அன்று இரவு நல்ல மழை பெய்தது.

சனிக்கிழமை காலை ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லேண்டிலிருந்து ஐயர் வந்து இறங்கினார். எட்டரையிலிருந்து பத்துக்குள் முகூர்த்தம். நம்மூரில் சனிக்கிழமை ஒன்பதுக்கு வருகிற ராகு காலம் அங்கத்துக் கடிகாரப்படி பத்துக்கு வருகிறது. எட்டு மணிக்கே ஜனங்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். கவிதா வாசலில் நின்று எண்ணிக்கொண்டே இருந்தாள், அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டாள். ஒருவர் விடாமல் கையில் மூடி போட்ட பாத்திரம் கொண்டு வந்தார்கள். பாதிப் பாத்திரங்களில் மாமிசம். விசேஷ வீட்டில் இதை எங்கே வைப்பது என்று நான் முழித்தபோது, லோரெட்டா தெருவுக்கு எதிர்ப்புறம் ஒரு மேசையைப் போட்டு, மாமிசமெல்லாம் அங்கே என்று அட்டை எழுதி வைத்துவிட்டார். தீயணைப்புத் தலைவர் வண்டியோடு வந்து, அதை மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்.

ஹோமம் முடிந்தபோது மணி ஒன்பதே கால். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. வெர்னா போன் செய்தார். ரயில் நிற்கிறது, சுற்றுவழியில் கிளம்பினோம், மழையில் கரிசல் கூழாகிவிட்டது, வண்டிகள் புதைந்து நிற்கின்றன, ஓட்டிஸ் டிராக்டர் எடுத்துவரப் போயிருக்கிறார் என்றார்.

அடுப்பைப் பற்றவைக்கலாமா என்று ஐயர் கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்றாள் கவிதா. ஒன்பதே முக்காலுக்கு ஐயர் மறுபடி கேட்டார். பத்து தாண்டினால் ராகு காலம், தனக்குப் பன்னிரண்டு மணிக்குக் கேட்டியில் இன்னொரு விசேஷம் இருக்கிறது என்றார். என்ன சிக்கல் என்று லோரெட்டா விசாரித்தார். சொன்னோம். அவர் கவிதாவின் கையைத் தொட்டு, பரவாயில்லை, நீ ஆரம்பி, அவர்கள் புரிந்துகொள்வார்கள் என்றார். கெட்ட எண்ணத்தில் இல்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். "அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தான்" என்றார்.

"அதனாலதான் வெயிட் பண்றேன்" என்றாள் கவிதா.

லோரெட்டாவின் முகம் சிவந்துவிட்டது. பிறகு விடுவிடுவென்று போய்த் தீயணைப்புத் தலைவரிடம் ஏதோ சொன்னார். அந்தப் பெரிய வண்டி கிளம்பியது. அதன் முன் சீட்டில் லோரெட்டாவும் ஏறி உட்கார்ந்திருந்தார்.

கவிதா ஐயரிடம் திரும்பினாள். "ராகு காலம் எப்போ சாமி முடியும்?"

"பதினொன்றரை ஆயிடும்மா."

"அப்போ பதினொன்றரைக்குப் பாலை வெச்சுக்கலாம். நீங்க கேட்டிக்கு போன் பண்ணிச் சொல்லிடுங்க."

ஐயர் முரளியைப் பார்த்தார். முரளி என்னைப் பார்த்தான். வீட்டுக்காரி சொல்லியாச்சு, அப்புறம் என்ன என்றேன். ஐயர் போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார். ஒன்றரை மணி நேரம் வந்திருந்த அத்தனை பேரும் புல்தரையில் காத்திருந்தார்கள். ஏன் காத்திருக்கிறோம் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவர்கூடக் கிளம்பவில்லை.

பதினொன்றே கால் இருக்கும், தெருமுனையில் சத்தம் கேட்டது. முன்னால் தீயணைப்பு வண்டி, பின்னால் ஓட்டிஸின் டிராக்டர். அது இழுத்துவந்த வைக்கோல் டிரெய்லரில் சர்ச்சுக்குப் போகும் தொப்பியும் கோட்டுமாக அந்தப் பக்கத்து ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முழங்கால்வரை சேறு. வெர்னாவின் மடியில் பீச் இனிப்புப் பாத்திரம். அவர் பக்கத்தில் லோரெட்டா, அவர் காலிலும் அதே சேறு. கவிதா வெறுங்காலோடு ஓடிப்போய் வெர்னாவைக் கைகொடுத்து இறக்கினாள். ஐயர் பதினொன்றரை என்றார். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. பொங்கினால் ஏன் கை தட்டுகிறோம் என்று தெரியாமலே இரண்டு பக்கத்தாரும் கை தட்டினார்கள்.

எல்லாரும் சாப்பிட்டுப் போனபின், நானும் கவிதாவும் அவரவர் விட்டுப்போன பாத்திரங்களைக் கழுவி, மூடியில் பேர் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தோம். கேட்டி விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், ஜூன் மாசம் என்ன முடிவு செய்திருக்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் வெர்னாவின் பாத்திரத்தைத் துடைத்து, மறுநாள் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கத் தனியாக எடுத்து வைத்தாள்.

"விட்டுட்டுப் போற வீடா இருந்தா ஒன்பதேகாலுக்கே பாலைக் காய்ச்சியிருப்பேன் அக்கா" என்றாள்.